சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி: இரண்டு இடத்தில் வேலை பார்த்த ஒரு புதிய செவிலியர் பற்றிய நிகழ்வு ஆய்வு

இதை எழுத அந்தச் செவிலியரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன். எழுதியதை அவரே வாசித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தமும் சொன்னார். அவரையோ நோயாளியையோ அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், சிலவற்றை விட்டுவிட்டேன். ஊர் மதுரை. நான் அங்கே 120 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரின்டெண்டன்டாக இருந்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அதனால்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுத முடிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

சிவகங்கை பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை, அம்மாவுக்கு நூறு நாள் வேலை. வீட்டில் இவர்தான் முதல் பட்டதாரி. தனியார் கல்லூரியில் நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்து, பிப்ரவரியில் எங்களிடம் சேர்ந்தார். வயது 22.

படிப்புக்கு வங்கியில் வாங்கிய கடன் 3,20,000 ரூபாய். கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். செப்டம்பரில் தவணை தொடங்கும்போது நிலுவை 4,15,000 ரூபாய், மாதத் தவணை 5,600 என்று வங்கியிலிருந்து தாள் வந்தது.

எங்கள் சம்பளம் 14,500. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கைக்கு வருவது 12,650 ரூபாய்ச் சொச்சம். ஹாஸ்டல், மெஸ் சேர்த்து 4,000 போய்விடும். தவணையையும் கழித்தால் மிச்சம் மூவாயிரத்துச் சில்லறை. அதில்தான் செல்போன், பஸ், சோப்பு, செருப்பு, ஊருக்கு அனுப்புவது எல்லாம். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது சம்பவம் நடந்த பிறகுதான். அவர் ஜூலையிலேயே போட்டுவிட்டார்.

வேறு நல்ல வேலைக்குப் போகலாமே என்று கேட்கலாம். சேரும்போது, ஓராண்டு இங்கேயேதான் வேலை பார்க்க வேண்டும் என்று பான்ட் எழுதி வாங்கினோம். அவருடைய அசல் சான்றிதழ்கள் எங்கள் அலுவலக பீரோவில் இருந்தன. அசல் இல்லாமல் பெரிய மருத்துவமனை எதிலும் சேர முடியாது. ஆனால் ஜெராக்ஸ் மட்டும் போதும் என்று சொல்கிற இடங்கள் ஊரில் உண்டு.

அப்படி ஓர் இடத்தைக் கல்லூரி சீனியர் அக்கா ஒருவர் காட்டிவிட்டார். நான்கு கிலோமீட்டர் தள்ளி 30 படுக்கை நர்சிங் ஹோம். இரவு 9 மணி முதல் காலை 6 வரை, ஒரு இரவுக்கு 700 ரூபாய், மாதம் பத்து இரவு. ஆகஸ்ட் கடைசி வாரம் மாலையில் போய் ஜெராக்ஸைக் கொடுத்தார், அன்று இரவே டியூட்டி போட்டுவிட்டார்கள். வார்டைச் சுற்றிக் காட்டியதோடு பயிற்சி முடிந்தது.

பணம் மட்டும்தான் காரணம் என்று நானும் நினைத்திருந்தேன். பின்னால் பேசும்போது அவர் வேறொன்றையும் சொன்னார்: "இங்க மூணு மாசம் பெட் மேக்கிங்கும் பி.பி. பாக்கிறதும்தான் மேடம். அங்க முதல் வாரமே நானே கேனுலா (டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் போடும் சிறு குழாய்) போட்டேன், டெலிவரிக்குக்கூட நின்னேன். கை ஓடுதுன்னு சந்தோஷமா இருந்துச்சு." புதிதாக வந்தவர்களை மெதுவாகப் பழக்குகிறோம் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது.

கண்ணில் பட்டவை

எங்கள் காலை டியூட்டி 7 மணி முதல் 2 மணி வரை. அவர் நர்சிங் ஹோம் இரவுகளைப் பெரும்பாலும் எங்கள் காலை டியூட்டி வாரங்களில் வைத்துக்கொண்டார். 2 மணிக்கு ஹாஸ்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்து, 7 மணிக்கு எழுந்து, 9 மணிக்கு அங்கே போவார். காலை 6 மணிக்கு இறங்கி நேராக இங்கே வருவார். யூனிஃபார்ம்கூட ஒரே வெள்ளைதான், பேட்ஜை மட்டும் மாற்றிக்கொள்வார்.

செப்டம்பரில் இரண்டு முறை பத்து நிமிடம் தாமதமாக வந்தார். கேஸ் ஷீட்டில் முந்தின நாள் தேதியைப் போட்டிருந்தார். மெலிந்திருந்தார். ஒரு நாள் துணி அடுக்கும் அறையில் போர்வைக் கட்டின் மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தவரை நானே எழுப்பி டீ வாங்கிக் கொடுத்தேன். ஏன் தூங்குகிறாய் என்று கேட்கவில்லை.

எதை வைத்து நான் விழித்திருக்க வேண்டுமோ அது செப்டம்பர் கடைசியில் நடந்தது. வார்டில் ஒருவருக்கு ஊசி போட்டதும் ஒவ்வாமை வந்து பி.பி. இறங்கிவிட்டது. அதற்கு உடனே போட வேண்டிய மருந்தான அட்ரினலின் எடுக்க எமர்ஜென்சி டிராலிக்கு ஓடியவர் இரண்டாவது டிராயரைத் திறந்து தேடினார். எங்கள் டிராலியில் அட்ரினலின் எப்போதும் மேல் டிராயரில் இருக்கும். அரை நிமிடம் போனது, இன்னொரு சிஸ்டர் எடுத்துக் கொடுத்தார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஏம்மா, எட்டு மாசமாச்சு, இன்னும் எந்த டிராயர்னு தெரியலையா?" என்று கேட்டேன்.

"சாரி மேடம்."

நர்சிங் ஹோமில் அட்ரினலின் இருப்பது இரண்டாவது டிராயர். இது எனக்குத் தெரிய வந்தது நவம்பரில்.

அவர் இரவில் வேறு இடத்துக்குப் போகிறார் என்பது வார்டு இன்சார்ஜ் சிஸ்டருக்குத் தெரியும். கூட வேலை பார்த்த ஆறேழு பேருக்கும் தெரியும். பணி நியமன ஆணையில் வேறெங்கும் வேலை பார்க்கக் கூடாது என்று ஒரு வரி இருந்ததால் யாரும் மேலே சொல்லவில்லை. எனக்கும் அரசல்புரசலாகக் காதில் விழுந்தது. நான் கேட்கவில்லை. கேட்டால் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அக்டோபரில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள், மொத்தம் நான்கு பேர் குறைவு. கூடுதல் டியூட்டி என்று கூப்பிட்டால் மறுக்காமல் வருகிற ஒரே ஆள் இவர்தான். எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை

நவம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை. செவ்வாய் காலை 5.30க்கு எழுந்தது முதல் அவருடைய நேரத்தை நாங்கள் பின்னால் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். செவ்வாய் காலை எங்கள் டியூட்டி, இரவு அங்கே. புதன் காலை எங்கள் டியூட்டி, இரவு மறுபடி அங்கே. இரண்டு நாளும் மதியம் மூன்று மூன்று மணி நேரம் தூக்கம், அதுவும் நான்கு பேர் தங்கும் ஹாஸ்டல் அறையில். வியாழன் காலை 7 மணிக்கு வார்டுக்குள் வரும்போது, முந்தின நாற்பத்தொன்பதரை மணி நேரத்தில் 32 மணி நேரம் வேலை செய்திருந்தார், 6 மணி நேரம் தூங்கியிருந்தார். "நைட்டு சும்மாதான் இருக்கும், ரெண்டு மணி நேரம் சாஞ்சுக்கலாம்" என்று சீனியர் அக்கா சொல்லியிருந்தார். புதன் இரவு ஒரு பிரசவமும் ஒரு நெஞ்சுவலியும் வந்தன.

நோயாளி 58 வயதுக்காரர். சர்க்கரை நோயால் காலில் புண், அதில் சீழ். காலை 7.20க்கு ஜி.ஆர்.பி.எஸ்., அதாவது விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அளவு, 268. சாப்பாட்டுக்கு முன் ரெகுலர் இன்சுலின் 10 யூனிட் போட வேண்டும்.

மருத்துவத் துறைக்கு வெளியே உள்ளவர்களுக்காக இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் இரண்டு அடர்த்தியில் புழங்குகிறது: ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். பல நாடுகள் 40ஐக் கைவிட்டு 100 ஒன்றையே வைத்திருக்கின்றன. இங்கே இரண்டும் உண்டு. அதனால் சிரிஞ்சும் இரண்டு வகை. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. அந்தந்தப் பாட்டிலுக்கு அந்தந்தச் சிரிஞ்சுதான். 100 யூனிட் பாட்டிலில் சிவப்பு மூடி சிரிஞ்சைக் குத்தி 10 என்ற கோடு வரை இழுத்தால் வருவது கால் மில்லி. கால் மில்லியில் இருப்பது 25 யூனிட்.

எங்கள் மருத்துவமனையில் முழுக்க 100, ஆரஞ்சு. நர்சிங் ஹோமில் முழுக்க 40, சிவப்பு.

அன்று வார்டில் ஆரஞ்சு சிரிஞ்சு டப்பா இரவே காலியாகிவிட்டது. ஸ்டோர் திறப்பது 8.30க்கு. அவர் பாக்கெட்டில் கையை விட்டார். நர்சிங் ஹோமில் இரவு மருந்தகம் பூட்டிவிடுவதால் எப்போதும் இரண்டு இன்சுலின் சிரிஞ்சைப் பாக்கெட்டில் போட்டு வைப்பது அங்கே வழக்கம். கைக்கு வந்தது சிவப்பு. பத்து கோடு இழுத்தார். இன்சுலின் போல ஆபத்து கூடுதலான மருந்துகளுக்கு எங்களிடம் இரண்டு செவிலியர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற விதி உண்டு. ஹேண்ட் ஓவர் (அடுத்த டியூட்டிக்காரரிடம் வார்டை ஒப்படைப்பது) முடித்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிய இரவு டியூட்டி சிஸ்டரிடம் நீட்டினார். "பத்தா? சரி" என்று கையெழுத்து விழுந்தது. கோடு பத்தில்தான் இருந்தது, அதில் பொய் இல்லை. 7.25க்கு வயிற்றில் ஊசி போட்டாயிற்று.

7.40க்கு, பயன்படுத்திய சிரிஞ்சு கிடந்த கிட்னி டிரே என்ற சிறு தட்டைக் காலி செய்ய வந்தார். ஊசிகள் போடும் வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிகிற மாதிரி இருக்கும். உள்ளே பார்த்தால் எல்லாம் ஆரஞ்சு. அவர் கையில் இருந்தது சிவப்பு.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "டப்பாக்குள்ள போட்டுட்டா யாருக்கும் தெரியாதுன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு மேடம். அப்புறம் அந்தத் தாத்தா இன்னும் இட்லி சாப்பிடலையேன்னு ஞாபகம் வந்துச்சு."

சிரிஞ்சைக் கையில் பிடித்தபடியே இன்சார்ஜிடம் ஓடினார்.

அன்று எடுத்த முடிவுகள்

முதலில் நோயாளி. டியூட்டி டாக்டர் ஐந்து நிமிடத்தில் வந்தார். ரெகுலர் இன்சுலின் அரை மணியில் வேலை செய்யத் தொடங்கி, இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். ஆகவே இப்போது நன்றாக இருக்கிறார் என்பதை நம்பக் கூடாது. உடனே சாப்பிடச் சொல்லி, 10 சதவீத குளுக்கோஸ் டிரிப்ஸைத் தயாராக மாட்டி, சர்க்கரை 150க்குக் கீழே வந்தால் ஓடவிடச் சொன்னார். கால் மணிக்கு ஒரு முறை ஜி.ஆர்.பி.எஸ்., பொட்டாசியம் அளவு பார்க்க ரத்தப் பரிசோதனை.

8.30க்கு 231. 9.15க்கு 148. 9.45க்கு 97. 10.10க்கு 64, நெற்றியில் வியர்வை, கை நடுக்கம். 25 சதவீத குளுக்கோஸ் 100 மில்லி நரம்பில் போனது. 10.25க்கு 132. அதன் பிறகு இறங்கவில்லை. பொட்டாசியம் சரியாக இருந்தது. மாலை நான்கு மணி வரை பார்த்துவிட்டுத்தான் டிரிப்ஸைக் கழற்றினோம்.

இரண்டாவது, குடும்பத்திடம் சொல்வது. இதில் கருத்து வேறுபாடு வந்தது. "ஆபத்து தாண்டிருச்சு, எதுக்குச் சொல்லிக் கிளப்பணும்?" என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். சிகிச்சை பார்த்த டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் ஒத்துக்கொள்ளவில்லை. கால் மணிக்கு ஒரு முறை விரலைக் குத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவரிடம் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? இருவரும் படுக்கையருகே போய், இன்சுலின் அளவு கூடிப் போய்விட்டது, தவறு எங்களுடையது, என்ன செய்கிறோம், எவ்வளவு நேரம் பார்ப்போம் என்று சொன்னோம். அவருடைய மனைவி கேட்ட முதல் கேள்வி, "இப்ப அவருக்கு ஒண்ணும் இல்லைல்ல?" இரண்டாவது, "அந்தப் புள்ள ராத்திரி தூங்கலையா? காலையில வந்தப்பவே கண்ணு செவந்து கெடந்துச்சு."

அந்தம்மா எங்களைவிடக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார்.

மூன்றாவது, அந்தச் செவிலியர். அழுதுகொண்டிருந்தார். அவரை வார்டில் வைத்திருப்பது யாருக்கும் நல்லதல்ல. அறிக்கையை அன்றே எழுதச் சொல்லலாமா என்று யோசித்தேன். நடந்த நேரங்களை மட்டும் ஒரு தாளில் குறித்து வாங்கிக்கொண்டு, ஹாஸ்டல் வார்டனிடம் சொல்லித் தூங்க அனுப்பினேன். அன்று இரவு நர்சிங் ஹோமுக்கு வர முடியாது என்று என் முன்னாலேயே போன் செய்யச் சொன்னேன். முழு அறிக்கை சனிக்கிழமை வந்தது. தூங்கி எழுந்தவர் எழுதியது என்பது அதை வாசித்தாலே தெரிந்தது.

விசாரணை

திங்கட்கிழமை கூட்டம். வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று நிர்வாகம் தொடங்கியது. நியமன ஆணையை மீறியிருக்கிறார், நோயாளிக்குத் தீங்கு வந்திருக்கிறது, வேறென்ன வேண்டும்?

நான் வைத்த வாதம் ஒன்றுதான். அவர் வாய் திறந்ததால் 7.40க்கு நமக்குத் தெரிந்தது. திறக்காமல் இருந்திருந்தால் 10 மணிக்கு மேல் நோயாளியின் மனைவி கத்தும்போது தெரிந்திருக்கும், அதுவும் காரணம் தெரியாமல். இவரை அனுப்பிவிட்டால் அடுத்த முறை சிவப்பு மூடியைப் பார்க்கிறவர் அதை டப்பாவுக்குள் போட்டுவிட்டுப் போய்விடுவார். தலைமை டாக்டர் பாதி சம்மதித்தார்: எச்சரிக்கைக் கடிதம், வேலை நீக்கம் இல்லை, இரண்டாவது வேலையைப் பத்து நாளுக்குள் விட வேண்டும். கையெழுத்திட்ட இரவு சிஸ்டருக்கும் அதே கடிதம்.

கூட்டத்தில் எல்லோரும் தூக்கத்தைப் பற்றியே பேசினார்கள். நியாயம்தான். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு காட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டம் 0.03க்கு மேல் இருந்தாலே வண்டி ஓட்டக் கூடாது என்கிறது. 2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 12.5 மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் ஷிப்டில் செவிலியர்கள் தவறு செய்யும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது. இவருக்கு இரண்டு மருத்துவமனைக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி. அதை எங்கள் வருகைப் பதிவேடு ஓய்வு என்று எடுத்துக்கொண்டது, அவர் உடம்பு எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் தூக்கம் மட்டும்தான் காரணம் என்றால் அந்த அட்ரினலின் டிராயரை எப்படி விளக்குவது? அன்று முந்தின இரவு அவர் நன்றாகத் தூங்கியிருந்தார், பணிப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். புதிதாக வந்தவருக்குக் கை பழகும் காலம் அது. இருபது வருட அனுபவம் உள்ளவர் இரண்டு இடத்தில் வேலை பார்த்தால், இது இந்த வீடு, அது அந்த வீடு என்று கை பிரித்துக்கொள்ளும். இவருக்கு இன்னும் ஒரு வீடே முழுதாகப் பழகவில்லை. அதற்குள் இரண்டு டிராலி, இரண்டு சிரிஞ்சு, இரண்டு விதமான கேஸ் ஷீட். இதில் எது ஆழமாகப் பதியும்? தனியாக நின்று, பயந்து, ராத்திரியில் செய்ததுதான் பதியும். அங்கே இரவில் 15 நோயாளிக்கு ஒரு செவிலியர். இன்னொருவரைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பது என்பதே அங்கே கிடையாது, ஆளில்லை. பாக்கெட்டில் சிரிஞ்சு வைப்பதை அவர் சாமர்த்தியமாகக் கற்றுக்கொண்டார். அந்த இடத்துக்கு அது சாமர்த்தியம்தான்.

எங்கள் பக்கத்துத் தவறுகளும் எழுதப்பட்டன. சிரிஞ்சு டப்பா காலியானது இரவு 2 மணிக்கு, இன்னொரு வார்டிலிருந்து வாங்கி வைக்க யாரும் மெனக்கெடவில்லை. ஹேண்ட் ஓவர் நேரமும் இன்சுலின் நேரமும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. சரிபார்க்கும் விதியில் மருந்து, அளவு, நோயாளி பெயர் என்று மூன்றைச் சொல்லியிருந்தோமே தவிரச் சிரிஞ்சைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சம்பளத்தைப் பற்றி நான் பேசியபோது அறை கொஞ்சம் அமைதியானது. செவிலியர் சம்பளம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னபடி மத்திய அரசு ஒரு குழு போட்டது. 50 படுக்கைக்குக் கீழே உள்ள மருத்துவமனைகூட 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், 100இலிருந்து 200 படுக்கை வரை உள்ளவை அரசுச் செவிலியர் சம்பளத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர்கள் போராடி 2018இல் 20,000 ரூபாயை அடிப்படையாக வைத்து அரசாணை வாங்கினார்கள். நம் மருத்துவமனை 120 படுக்கை, கொடுப்பது 14,500. "அது பரிந்துரைதானே, சட்டமில்லையே" என்று பதில் வந்தது. உண்மைதான்.

அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தந்துவிடலாம் என்றும் சொன்னேன். அது குறிப்பிலேயே ஏறவில்லை.

அதற்குப் பிறகு

நோயாளி புண்ணுக்கான சிகிச்சை முடிந்து ஆறாம் நாள் வீடு திரும்பினார். கிளம்பும்போது அவருடைய மனைவி அந்தச் செவிலியரைத் தேடிப் பிடித்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். இவர் அதை வாங்கத் தயங்கி என் முகத்தைப் பார்த்தார். வாங்கிக்கொள் என்றேன்.

நர்சிங் ஹோமை எட்டாம் நாள் விட்டார். 3,500 ரூபாய் பாக்கியை இரண்டு முறை போய்க் கேட்டு வாங்கினார். அங்கே என்ன நடந்தது என்று சொல்லலாமா என்று என்னிடம் கேட்டார். சிரிஞ்சு விஷயத்தை மட்டும் அங்குள்ள இன்சார்ஜிடம் சொல்லச் சொன்னேன். "இங்கே ஒரே ரகம்தானே, எங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது" என்றாராம் அவர்.

கடன் விஷயத்தில் நான் எதிர்பார்த்ததைவிட எளிதாக ஒரு வழி கிடைத்தது. வங்கி மேலாளரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து ஆண்டுத் தவணையைப் பதினைந்து ஆண்டாக நீட்டினால் மாதம் 4,600 ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மொத்த வட்டி கூடும், அதையும் மறைக்காமல் சொன்னார். ஜூலையிலேயே போய்க் கேட்டிருந்தால் அப்போதே கிடைத்திருக்கும். வங்கிக்குள் போய்க் கேட்கலாம் என்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஜனவரியிலிருந்து இரண்டு ஆண்டுக்குக் குறைவான அனுபவம் உள்ள எல்லோருக்கும் 1,500 ரூபாய் கூட்டினார்கள். எங்கள் மருத்துவமனைக்குள்ளேயே மாதம் மூன்று கூடுதல் டியூட்டி வரை பணம் கொடுத்துப் பார்க்கலாம், இரண்டு டியூட்டிக்கு நடுவே 11 மணி நேரம் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. இவருடைய நிலைமையில் இது ஓட்டையை முழுதாக அடைக்கவில்லை, ஆனால் பெரும்பகுதியை அடைத்தது. கேனுலா போடுவதற்கும் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்பதற்கும் மூத்த செவிலியர் ஒருவருடன் சேர்த்துவிட்டோம். இதற்குச் செலவு எதுவும் இல்லை. முதல் மாதத்திலேயே செய்திருக்கலாம்.

இன்சுலின் போடும் நேரம் ஹேண்ட் ஓவர் முடிந்த பிறகு, 7.40 என்று ஆனது. சாப்பாடு 8.15க்கு வந்தது. சரிபார்க்கும் செவிலியர் பாட்டிலையும் சிரிஞ்சையும் சேர்த்துக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. வெளியிலிருந்து எந்தச் சிரிஞ்சும் வார்டுக்குள் வரக் கூடாது. நோயாளிகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் சிவப்பு மூடிகளுக்கும் இது பொருந்தும் என்று சேர்த்தோம். தேடிப் பார்த்ததில் அந்த வாரமே மூன்று படுக்கைகளில் அவை கிடந்தன.

பிப்ரவரியில் பான்ட் முடிந்தது. சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் 19,000 ரூபாய்க்குச் சேர்ந்தார். போன முறை பேசியபோது அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்தும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். இப்போது ஒரே வேலைதான்.

மறுபடி நடந்தால் நான் மாற்றிக்கொள்வது

காதில் விழுந்த அன்றே கேட்டிருப்பேன். கேட்டால் தண்டனை கொடுத்தாக வேண்டும் என்ற நிலையை முதலில் மாற்றியிருப்பேன். இதற்காகப் பிறகு ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தோம்: வேறு இடத்தில் வேலை பார்ப்பதை என்னிடம் சொன்னால் நடவடிக்கை கிடையாது, சொன்னவருக்கு வெளியே இரவு டியூட்டி இருந்தால் மறுநாள் காலை இங்கே டியூட்டி போட மாட்டோம். நிர்வாகம் எழுத்தில் தர மறுத்தது. வாய்மொழியாக நடத்திக்கொள்ளச் சொன்னது, நடத்தினேன்.

முதல் ஆறு மாதம் இரண்டாவது வேலை வேண்டவே வேண்டாம் என்று புதிதாக வருபவர்களிடம் சொல்லத் தொடங்கினேன். அதற்குப் பிறகும் தவிர்க்க முடியாது என்றால், அங்கே எந்த இன்சுலின், எந்தச் சிரிஞ்சு, எமர்ஜென்சி டிராலியில் எது எங்கே என்று ஒரு தாளில் எழுதி எங்கள் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்று போலத் தெரிந்து வேறாக இருப்பவற்றுக்குச் சிவப்புப் பேனாவில் கோடு போட வேண்டும். பாக்கெட்டைக் காலி செய்யாமல் வார்டுக்குள் வரக் கூடாது.

சான்றிதழ் பீரோவைப் பற்றி இன்னும் கூடச் சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

அடுத்த ஜூனில் புதிதாக ஒன்பது பேர் சேர்ந்தார்கள். முதல் வாரப் பயிற்சியில் இந்தக் கதையைப் பெயர் சொல்லாமல் சொல்லிவிட்டு, "வேற எங்கயாவது டியூட்டி பாக்கிறீங்களா? சொன்னா ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று கேட்டேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நிமிடம் கழித்து இரண்டு கைகள் உயர்ந்தன. மதியம் என் அறைக்கு மூன்றாவதாக ஒருவர் வந்தார்.